இசட் டிரைவில் சேவ் ஆகவில்லை, பாஸ்வேர்டு திரும்பத் திரும்பக் கேட்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானா பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். தருமபுரி நாலு ரோட்டிலும் ஓசூரிலும் அதற்குக் கிளைகள். மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மாங்கூழ் ஆலை, கிரானைட், பட்டு நூல் என்று பல தொழில்காரர்களின் கணக்குகளும் அவர்களுடைய நிலப் பத்திரங்களின் ஸ்கேன்களும் ஒரே சர்வரில் இருக்கின்றன. கிருஷ்ணகிரி ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது இசட் டிரைவ். கிளைகளில் இருப்பவர்களும் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற இணையவழி ஃபைல் மென்பொருள் வழியாக வருகிறார்கள்.

மாதாமாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் எனக்கு போன் ஓயாது. கேட்கிற குரல்தான் மாறும், சந்தேகம் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன்.

எதையும் படிப்பதற்கு முன் ஒன்று. சேவ் ஆகவில்லை என்று செய்தி வந்தால் அந்த ஃபைலை மூடிவிடாதீர்கள். "சேவ் ஆஸ்" கொடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு காப்பி போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பதற்றத்தில் மூடிவிட்டு, மாலை முழுக்கச் செய்த வேலையை இழந்து கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர் கோளாறைச் சரிசெய்துவிடலாம். போன வேலையை மறுபடியும் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.

"இசட் டிரைவ் என் கம்ப்யூட்டர்லதானே தெரியுது? அப்போ அது என் கம்ப்யூட்டர்லதானே இருக்கு?"

இல்லை. சி டிரைவ் உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிறது. இசட் டிரைவ் என்பது உள் அறையில் ஏசி ஓடும் இடத்தில் இருக்கும் சர்வரின் ஒரு ஃபோல்டர். உங்கள் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு வாசல் மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறது. நீங்கள் சேவ் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஃபைல் கேபிள் வழியாகப் போய் அங்கே எழுதப்படுகிறது. கேபிள் லூசானாலும் சுவிட்ச் அணைந்தாலும் வாசல் அடைபடும், ஃபைல் அங்கேயே பத்திரமாக இருக்கும். இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தால் எல்லாம் அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

"காலையில கம்ப்யூட்டர் ஆன் பண்ணும்போதே பாஸ்வேர்டு போட்டாச்சு. இசட் டிரைவைத் திறந்தா மறுபடியும் ஏன் கேக்குது?"

நீங்கள் காலையில் போட்டது உங்கள் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு. சர்வர் தனியாக ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது. இசட் டிரைவைத் தொட்டதும் உங்கள் கம்ப்யூட்டர் முதலில் உங்களைக் கேட்காமலேயே, காலையில் நீங்கள் நுழைந்த பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துச் சர்வரிடம் முயன்று பார்க்கும். அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் சர்வர் பட்டியலிலும் இருந்தால் சத்தமில்லாமல் திறந்துவிடும். இரண்டில் ஒன்று வேறாக இருந்தாலும் சர்வர் மறுக்கும், அப்போதுதான் அந்தப் பெட்டி வரும்.

பெட்டி வந்தால் சர்வருக்கு உரிய பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு, கீழே இருக்கும் "ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்" கட்டத்தை டிக் செய்யுங்கள். மறுநாள் கேட்காது. பலர் பொதுவாகப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் டிக் செய்யாதீர்கள். அடுத்து உட்காருபவர் உங்கள் பெயரில் உள்ளே போவார்.

"நாலு நம்பர் பின் போட்டுத்தான் தினமும் உள்ள வர்றேன். அதையே இங்க போட்டா தப்புங்குதே?"

பின் நம்பர் உங்கள் கம்ப்யூட்டரைத் தாண்டி எங்கும் செல்லாது. விண்டோஸ் அதை அந்த ஒரு மெஷினுக்கென்றே உருவாக்குகிறது. சர்வருக்கு அப்படி ஒரு நம்பர் இருப்பதே தெரியாது, அது கேட்பது பாஸ்வேர்டை. பின் வைத்த பிறகு பாஸ்வேர்டே மறந்துபோனவர்கள் நிறைய. என்னிடம் வாருங்கள், சர்வரில் புதிதாக வைத்துக்கொடுக்கிறேன்.

இதே வகையில் இன்னொன்று: பாஸ்வேர்டே இல்லாத கணக்காலும் நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது. காலிப் பாஸ்வேர்டு உள்ள கணக்கை அந்தக் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே விண்டோஸ் அனுமதிக்கும்.

"பாஸ்வேர்டு சத்தியமா சரியாத்தான்ணா அடிக்கிறேன். மூணு தடவையும் தப்புன்னு வருது."

நம்புகிறேன். உங்கள் விரல் சரியாகத்தான் அடித்திருக்கும், கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்த எழுத்துதான் வேறு. நம் ஆபீஸில் இதற்கு முதல் காரணம் தமிழ்த் தட்டச்சு. கடிதம் அடிக்கத் தமிழ்99 போட்டிருப்பீர்கள், அதை மாற்றாமலே பாஸ்வேர்டு பெட்டிக்கு வந்திருப்பீர்கள். பெட்டியில் புள்ளி மட்டும் தெரிவதால் உள்ளே விழுந்தது தமிழா ஆங்கிலமா என்று கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தனியாகத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் நிறுவியிருந்தால் அதையும் அணையுங்கள். கேப்ஸ் லாக், வலப்புற எண் பகுதிக்கான நம் லாக் இரண்டையும் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா, காலி நோட்பேடில் ஒரு முறை அடித்துக் கண்ணால் பார்த்துவிட்டு உடனே அழித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் பெயர்ப் பகுதியைக் கவனியுங்கள். பெயரை மட்டும் அடித்தால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள அந்தப் பெயர்க்காரர் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்வதுண்டு. சர்வரின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு உங்கள் பெயர் என்று அடித்தால் குழப்பமே இல்லை. ஐந்து தடவை தவறினால் 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும்படி சர்வரை வைத்திருக்கிறேன். நான்காவது தடவைக்குப் போகும் முன் என்னைக் கூப்பிடுங்கள்.

"பாஸ்வேர்டு மாத்தின நாள்ல இருந்து தினமும் காலையில கேக்குது. போட்டா போகுது, மறுநாள் மறுபடியும்."

நீங்கள் மாற்றினீர்கள், உங்கள் கம்ப்யூட்டர் மாற்றவில்லை. முன்பு டிக் செய்தபோது சேமித்த பழைய பாஸ்வேர்டை அது இன்னும் கையில் வைத்திருக்கிறது. தினமும் காலையில் அதைக் கொண்டுபோய்க் காட்டுகிறது, சர்வர் திருப்பி அனுப்புகிறது. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், அதற்குள் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போனால் சர்வரின் பெயர் ஒரு வரியாக இருக்கும். அதை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, புதிய பாஸ்வேர்டைப் போட்டு டிக் செய்யுங்கள். சர்வரின் பெயரில் ஒரு வரியும் அதன் ஐபி எண்ணில் (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண் முகவரி) இன்னொரு வரியுமாக இரண்டு இருக்கலாம். இரண்டையும் நீக்க வேண்டும்.

நீங்கள் மாற்றாமலே திடீரென்று கேட்க ஆரம்பித்தால் பாஸ்வேர்டு காலாவதியாகியிருக்கலாம். விண்டோஸ் சர்வரில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள்.

"'வேற பேர்ல ஏற்கெனவே இணைப்பு இருக்கு'ன்னு 1219 பிழை வருது. நான் ஒருத்திதானே உக்காந்திருக்கேன்?"

ஒரே நேரத்தில் ஒரே சர்வருக்கு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு பெயரில் போக விண்டோஸ் விடாது. "பொது" ஃபோல்டரை எல்லோருக்குமான பெயரில் திறந்துவிட்டு, பிறகு "தணிக்கை" ஃபோல்டருக்கு உங்கள் சொந்தப் பெயரைப் போட்டிருப்பீர்கள். அங்கேதான் முட்டுகிறது. இசட் டிரைவை வலது கிளிக் செய்து டிஸ்கனெக்ட் கொடுங்கள். திறந்திருக்கும் ஃபைல்களை மூடி, சைன் அவுட் செய்து மறுபடியும் வந்து, எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைப் போடுங்கள்.

சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி எண்ணை அடித்தால் விண்டோஸ் அதை வேறொரு சர்வர் என்று நினைத்து உள்ளே விட்டுவிடும். அவசரத்துக்கு இது வேலை செய்யும். அப்படியே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம், ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

"திறக்குது, படிக்கவும் முடியுது. சேவ் குடுத்தா மட்டும் 'ரீட் ஒன்லி'ங்குது."

முதலில் மேலே மஞ்சள் பட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது புரொடெக்டெட் வியூ. இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருள் சந்தேகப்பட்டு எழுத விடாமல் வைத்திருக்கிறது. நம் சர்வர் ஃபைல்தான் என்று உறுதியானால் "எனேபிள் எடிட்டிங்" கொடுக்கலாம். ஐபி எண்ணால் திறந்த ஃபைல்களுக்கு இது அடிக்கடி வரும். முகவரியில் புள்ளி இருந்தாலே விண்டோஸ் அதை வெளி இணையம் என்று கருதிவிடுகிறது. புள்ளியில்லாத சர்வர் பெயரால் திறந்தால் உள் வலை என்று புரிந்துகொள்ளும்.

மஞ்சள் பட்டை இல்லை, வேறொருவர் பெயரைச் சொல்லி "லாக்டு ஃபார் எடிட்டிங்" என்று வந்தால் அந்த ஃபைல் அவரிடம் திறந்திருக்கிறது. அவரை மூடச் சொல்லுங்கள். பெயர் "அட்மின்" என்று வந்தால் அது நான் அல்ல! கம்ப்யூட்டர் வாங்கியபோது எக்செலில் பதிந்த பெயர் அது. மூன்று மெஷின்களில் இப்படி "அட்மின்" இருந்ததால் யாரிடம் ஃபைல் இருக்கிறது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். எக்செலின் ஆப்ஷன்ஸில் ஜெனரல் பகுதியில் யூசர் நேம் இருக்கிறது. உங்கள் பெயரை அங்கே எழுதிவையுங்கள், மற்றவர்களுக்குப் பெரிய உதவி.

"யாருமே திறக்கல. ஆனா என் பேரைச் சொல்லியே லாக் ஆயிருக்குங்குது."

சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், காவேரிப்பட்டினத்து மாங்கூழ் ஆலைக் கணக்கு ஒருவரிடம் திறந்திருந்தபோது கரண்ட் போனது. அவர் மெஷினுக்கு யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது, சர்வருக்கு இருந்தது. மெஷின் அணைந்தது சர்வருக்குத் தெரியாது. ஃபைல் இன்னும் அவரிடம் இருக்கிறது என்றே அது நம்பிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்து அவரே திறந்தாலும், "ஏற்கெனவே ஒருவர் வைத்திருக்கிறார், அது நீங்கள்" என்றது.

ஆபீஸ் மென்பொருள் ஒரு ஃபைலைத் திறக்கும்போது பக்கத்திலேயே '~$' என்று தொடங்கும் ஒரு சிறு மறைவு ஃபைலை வைக்கும். திறந்தவரின் பெயர் அதற்குள்தான் இருக்கும். ஒழுங்காக மூடினால் அது தானாகப் போய்விடும், அறுந்துபோனால் தங்கிவிடும். கொஞ்ச நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் சர்வரே விட்டுவிடும். அவசரமென்றால் சொல்லுங்கள், சர்வரில் திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் நான் மூடுவேன். நீங்களே அந்த மறைவு ஃபைலை அழிப்பதென்றால், உண்மையில் யாரும் அதில் வேலை செய்யவில்லை என்று மூன்று ஆபீஸிலும் கேட்ட பிறகு அழியுங்கள்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் வலப்பக்கம் பிரிவியூ பேன் திறந்திருந்தால், ஒரு ஃபைலை நீங்கள் சும்மா தேர்ந்தெடுத்தாலே அது பிடிபடும். அதை அணைத்துவையுங்கள்.

"ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் எட்டெழுத்துல ஏதோ ஒரு ஃபைல் வருது, என் ஃபைல் மட்டும் மாறல. வைரஸா?"

வைரஸ் இல்லை. ஆனால் பயந்து கேட்டது நல்லது, ஏனென்றால் அந்தப் பெயர் தெரியாத ஃபைல்களில்தான் உங்கள் உழைப்பு இருக்கிறது.

எக்செல் ஒரு ஃபைலைச் சேவ் செய்யும்போது பழையதைத் திருத்தி எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் எட்டெழுத்துப் பெயரில், பின்னொட்டு இல்லாத ஒரு புதிய ஃபைலை முழுதாக எழுதுகிறது. எழுதி முடித்ததும் பழையதை அழிக்கிறது. பிறகு புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. வேர்டும் இதே போலத்தான், அதன் தற்காலிக ஃபைலின் பெயர் மட்டும் வேறு. இப்போது, உங்களுக்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்கிறது, அழிக்க அனுமதி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. பழைய ஃபைல் அப்படியே நிற்க, பக்கத்தில் எட்டெழுத்து ஃபைல்கள் குவியும். "யாரும் எதையும் அழிக்கக் கூடாது" என்று நல்ல எண்ணத்தில் அழிக்கும் அனுமதியை எடுத்துவிடும் ஆபீஸ்களில் இதுதான் நடக்கிறது. நாங்களும் ஒரு முறை செய்து பார்த்துத்தான் கற்றோம். எழுத வேண்டியவருக்கு "மாடிஃபை" அனுமதி முழுதாக வேண்டும்.

எட்டெழுத்து ஃபைல்களை அழிக்காதீர்கள். நேரத்தைப் பார்த்துக் கடைசியானதைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் எக்செலுக்குரிய பின்னொட்டைச் சேர்த்துத் திறந்தால் பெரும்பாலும் வேலை முழுதும் அதற்குள் இருக்கும். அனுமதியைச் சரிசெய்பவருக்கு ஒரு குறிப்பு: ஷேர் அனுமதி வேறு, ஃபோல்டரின் செக்யூரிட்டி அனுமதி வேறு. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் கொடுத்திருக்கிறேனே" என்று நிற்க வேண்டாம்.

"பேசாம எல்லாருக்கும் ஃபுல் கண்ட்ரோல் குடுத்துட்டா இந்தத் தொல்லையே இருக்காதே?"

இருக்காதுதான். ஒருவர் மெஷினில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நுழைந்தால், அவரால் எழுத முடிகிற ஒவ்வொரு ஃபோல்டரும் போகும். அனுமதியைப் பிரித்து வைத்திருந்தால் அவருடைய பகுதி மட்டும் போகும். பத்து நிமிடத் தொல்லைக்காக வாடிக்கையாளர்களின் பல ஆண்டுக் கணக்கைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

"பத்திரத்துக்குச் சர்வே நம்பரைப் பேரா வச்சா ஏத்துக்க மாட்டேங்குதே?"

112/2அ என்று அடித்திருப்பீர்கள். அந்தச் சாய்வுக் கோடு ஃபோல்டரைப் பிரிக்கும் குறி, பெயருக்குள் வர முடியாது. பின்சாய்வுக் கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரம், கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கோண அடைப்புகள், செங்குத்துக் கோடு இவற்றுக்கும் அதே கதிதான். தேதியையும் 12/03/2024 என்று எழுத முடியாது. சிறு கோடு போட்டு 112-2அ என்று எழுதுங்கள். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால்தான் தேடும்போது அகப்படும்.

இதோடு ஒன்று: கிருஷ்ணகிரி 2004-இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பல பத்திரங்களில் ஊத்தங்கரையும் பர்கூரும் தருமபுரி மாவட்டம் என்று இருக்கும். பத்திரத்தில் இருப்பதைப் பார்த்துத் தருமபுரி ஃபோல்டரில் போடப் போனால், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது, சேவ் ஆகாது. இன்றைய மாவட்டம் எதுவோ அதில் போடுங்கள்.

"தமிழ்ல பேர் வச்சா சேவ் ஆகாதாமே, உண்மையா?"

தமிழில் தாராளமாக வைக்கலாம். நான் அப்படித்தான் வைக்கிறேன். கவனிக்க வேண்டியது நீளம். விண்டோஸில் டிரைவிலிருந்து ஃபைல் பெயர் வரை எல்லாம் சேர்த்து வழக்கமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எக்செல் இன்னும் கறார், 218-க்கு மேல் போனால் திறக்காது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழெட்டு அடுக்கு போனால் எந்த மொழியிலும் இந்த எல்லை வந்துவிடும்.

தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் கணக்கு இருக்கிறது. நாம் ஓர் எழுத்து என்று எண்ணும் "ரி", கம்ப்யூட்டருக்கு ர-வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. "கிருஷ்ணகிரி" அதற்கு 11. நெக்ஸ்ட்கிளவுட் ஓடும் லினக்ஸ் சர்வர்களில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், ஆக 85 குறியோடு முடிந்தது. அதே பெயர் இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரியும். "கிருஷ்ணகிரி" மட்டுமே 99 எழுத்து பிடிக்கும். இசட் டிரைவில் சரியாகச் சேவ் ஆன ஃபைல் நெக்ஸ்ட்கிளவுடில் மட்டும் ஏறாமல் நின்றால், பெயரைச் சுருக்கிப் பாருங்கள். "கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டம்" என்பதை ஃபோல்டரே சொல்லிவிடும். ஃபைல் பெயரிலும் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

"பிரவுசர்ல நெக்ஸ்ட்கிளவுட் நல்லா திறக்குது. அதையே டிரைவா இணைச்சா பாஸ்வேர்டு தப்புங்குது."

பிரவுசரில் பாஸ்வேர்டுக்குப் பிறகு போனில் வரும் ஆறு இலக்க எண்ணையும் போடுகிறீர்கள். டிரைவாக இணைக்கும்போது அந்த எண்ணைப் போட இடமே இல்லை, அதனால் சர்வர் மறுக்கிறது. நெக்ஸ்ட்கிளவுடில் உங்கள் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியின் அடியில் ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்குங்கள். அது ஒரே முறைதான் திரையில் காட்டப்படும், அப்போதே டிரைவ் பெட்டியில் ஒட்டி டிக் செய்துவிடுங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு ஆப் பாஸ்வேர்டை மட்டும் ரத்து செய்தால் போதும்.

ஆறு இலக்க எண்ணே தப்பென்று வந்தால் போனின் நேரத்தைப் பாருங்கள். அந்த எண் 30 விநாடிக்கு ஒரு முறை மாறுவது. போனின் கடிகாரம் தள்ளிப்போனால் எண்ணும் தள்ளிப்போகும்.

"கரண்ட் போய் வந்த பிறகு எந்த சைட்டுமே திறக்கல, சர்ட்டிஃபிகேட் சரியில்லைங்குது."

கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள், பல ஆண்டு பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதியைத் திருத்தினால் உடனே சரியாகும், பேட்டரியை மாற்றினால்தான் நிலைக்கும். டொமைன் (எல்லோருடைய லாகினையும் ஒரே சர்வர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) அமைத்த பெரிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே லாகின் சிக்கலாகும்.

"இணைச்ச டிரைவ்ல சின்ன ஃபைல் போகுது. ஸ்கேன் பண்ண மூலப்பத்திரம் மட்டும் போக மாட்டேங்குது."

நெக்ஸ்ட்கிளவுடை டிரைவாக இணைக்கும் விண்டோஸ் முறைக்கு 5 கோடி பைட் எல்லை உண்டு. நம் கணக்கில் 48 எம்பிக்குச் சற்றுக் குறைவு. விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் 4 ஜிபி வரை உயர்த்தலாம், ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் செய்ய வேண்டும். பெரிய ஸ்கேன்களைப் பிரவுசர் வழியாக ஏற்றுங்கள். அங்கே 413 என்று வந்தால் அது சர்வர் பக்கத்து எல்லை, எனக்குச் சொல்லுங்கள். எழுத்து மட்டும் உள்ள பத்திரத்தை 600 டிபிஐ வண்ணத்தில் ஸ்கேன் செய்யத் தேவையும் இல்லை. 300 போதும்.

"புது விண்டோஸ் 11 மெஷின்ல, பழைய ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் திறக்கல. பழைய மெஷின்ல திறக்குதே?"

நெட்வொர்க்கில் மாட்டி ஃபைல் வைக்கும் பழைய பெட்டிகள் இரண்டு பழக்கத்தில் ஓடுகின்றன: எஸ்எம்பி 1 என்ற முதல் தலைமுறை ஃபைல் பகிர்வு முறை, பாஸ்வேர்டில்லாத விருந்தினர் நுழைவு. பாதுகாப்புக் கருதிப் புதிய விண்டோஸ் இரண்டையும் மூடிவிட்டது. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பானது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3-ஐ இயக்கி, ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வையுங்கள். புது மெஷினின் பாதுகாப்பைத் தளர்த்துவது கடைசி வழி. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து நேராக ஃபோல்டருக்கு ஸ்கேன் போகாததற்கும் இதே காரணங்கள்தான். அதற்குள் சேமித்திருக்கும் பாஸ்வேர்டு பழையதாகவும் இருக்கலாம்.

"ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல வேலை செஞ்சோம். இப்போ 'கான்ஃபிளிக்டட் காப்பி'ன்னு ஒண்ணு வந்திருக்கு. எதை வச்சுக்கறது?"

இரண்டையும். நெக்ஸ்ட்கிளவுட் உங்கள் லேப்டாப்பில் ஒரு காப்பி வைத்து, அதைப் பிறகு சர்வரோடு ஒப்பிடுகிறது. லாக் பற்றி மேலே சொன்ன '~$' ஏற்பாடு இசட் டிரைவில் ஒழுங்காக வேலை செய்யும். லேப்டாப்பில் இணையம் இல்லாமல் திறந்தவரை அது தடுக்காது. சர்வரில் இருந்தது பழைய பெயரிலேயே நிற்கும், உங்கள் மாற்றம் கான்ஃபிளிக்டட் காப்பியில் இருக்கும். இரண்டையும் திறந்து, வரி வரியாகப் பார்த்துச் சேர்த்த பிறகுதான் ஒன்றை நீக்க வேண்டும். இதனால்தான் டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை இந்த ஒத்திசைவுக்குள் வைக்கவே கூடாது என்கிறேன். அதை வரி வரியாகச் சேர்க்க வழியே இல்லை.

"பழைய ஃபைல் மேலயே சேவ் பண்ணிட்டேன். திரும்பக் கிடைக்குமா?"

ஃபைல் இன்னும் திறந்திருந்தால் கண்ட்ரோலும் இசட்டும் அழுத்திப் பின்னால் போங்கள். மூடிவிட்டீர்களென்றால், இசட் டிரைவில் அந்த ஃபைலை வலது கிளிக் செய்து "பிரீவியஸ் வெர்ஷன்ஸ்" பாருங்கள். சர்வரில் ஃபைல்களின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஷேடோ காப்பி இயக்கியிருக்கிறேன், வார நாள்களில் காலை 7 மணிக்கும் நண்பகலுக்கும் எடுக்கும். ஆகவே காலை 9-க்கு எழுதி 11-க்கு அழித்தது அதில் இருக்காது. இசட் டிரைவில் அழித்தது உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. நெக்ஸ்ட்கிளவுடில் அழித்ததென்றால் அங்கேயே குப்பைத்தொட்டி இருக்கிறது, வழக்கமாக 30 நாள் தங்கும்.

"தருமபுரி ஆபீஸ்ல எல்லாருக்குமே லாகின் ஆக அரை நிமிஷம் ஆகுது. கிருஷ்ணகிரில உடனே ஆகுதே, ஏன் சார்?"

இது என்னை மூன்று நாள் அலைய வைத்த கேள்வி. இணைய வேகம் நன்றாக இருந்தது, பாஸ்வேர்டுகள் சரி, சர்வர் சும்மா இருந்தது. நெக்ஸ்ட்கிளவுட் ஓர் ஐபி முகவரியிலிருந்து தவறான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப வந்தால், யாரோ ஊகித்துப் பார்க்கிறார்கள் என்று கருதி, அந்த முகவரியிலிருந்து வரும் எல்லா லாகினையும் தாமதப்படுத்தும். தாமதம் 25 விநாடி வரை போகும். வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரு கிளை முழுவதற்கும் ஒரே முகவரிதான். ஆக ஒருவர் தவறினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் தவறான முயற்சி எல்லாம் ஒரே பெயரில், சில நிமிடத்துக்கு ஒரு முறை, மதிய உணவு நேரத்திலும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணோ பாஸ்வேர்டை மாற்றி, கிரெடென்ஷியல் மேனேஜரையும் சுத்தம் செய்திருந்தார். தருமபுரிக்கு நேரில் போய் அவர் மெஷினில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கிளம்பும் நேரத்தில், "மேடம், போன்ல நெக்ஸ்ட்கிளவுட் ஆப் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். கையில் இருந்த போனில் இல்லை. மேசை டிராயரைத் திறந்து, ஓடிபிக்காக மட்டும் சார்ஜ் போட்டு வைத்திருந்த பழைய போனை எடுத்தார். ஆபீஸ் வைஃபையில் இணைந்தபடி, பழைய பாஸ்வேர்டோடு ஆப் அதில் ஓடிக்கொண்டிருந்தது. நீக்கிவிட்டு, அந்த முகவரி மேலிருந்த தடையைச் சர்வரில் விலக்கினேன். பக்கத்து மேசைக்காரருக்கு லாகின் உடனே திறந்தது.